ஸ்பிரிங்கில் ஒரு வெள்ளைப் பொட்டு

"சேசிஸ் நம்பர்?" என்று தலையைத் தூக்காமலே கேட்டாள் புஷ்பராணி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கேட்டுவிடும் கேள்வி அது. ஊபி தொழிற்பேட்டையில் தரைத்தளத்தில் இருக்கும் அந்தக் கடையில் ஜப்பானியக் கார்களுக்கான உதிரிபாகங்கள் கிடைக்கும். இருபத்தொன்பது வருடங்களாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் கையில் கிரீஸும் வாயில் அவசரமுமாக வருவார்கள். போன வருடம் வந்த மாடல், அந்தச் சிவப்பு வண்டி, கதவு இரண்டே இரண்டு உள்ளது என்று அளப்பார்கள். அளக்கட்டும் என்று விட்டுவிட்டு, முடித்ததும் மறுபடியும் நம்பரைக் கேட்பாள். அவள் தலைக்கு மேலே சுவரில் ஓர் அட்டை தொங்கியது: நம்பர் இல்லையென்றால் சாமான் இல்லை. தமிழில் அவளே எழுதியது. ஆங்கிலத்திலும் சீனத்திலும் முதலாளி எழுதிக் கீழே ஒட்டியிருந்தார். ஒரே பெயர், ஒரே வருடம், ஒரே நிறம் என்று இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் அடியில் இருப்பது வேறு வேறாக இருக்கும். அதைச் சொல்லக்கூடியது அந்த நம்பர் மட்டும்தான் என்பது அவளுடைய கட்சி.

புதன்கிழமை காலையில் நின்றவர் இல்ஹாம். காக்கி புக்கிட்டில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார், நம்பர் இல்லாமல் வந்து ஒரு தடவை திட்டு வாங்கியிருக்கிறார். அதனால் போனையே நீட்டினார். கார் அடித்தட்டில் பொறித்திருந்த நம்பரைப் படம் எடுத்து வைத்திருந்தார்.

"பின் ஸ்பிரிங் ஒரு ஜோடி வேணும் ராணிக்கா. ஒன்னு ஒடஞ்சிருச்சு. வண்டி ஆர். ஆனா உள்ள இருக்கிற ஸ்பிரிங்ல ஒரே ஒரு வெள்ளப் பொட்டுதான் இருக்கு. எஸ் சாமானப் போட்டு எவனோ ஏமாத்திருக்கான்லா."

புஷ்பராணிக்கு அந்தக் கார் மாடலை நன்றாகத் தெரியும். உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்தது போல இருக்கும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார். அதில் இரண்டு ரகம். எஸ் என்பது சாதாரணம், ஆர் என்பது விலை கூடியது. எஞ்சின் ஒன்று, முன்பக்கம் அச்சு அசல் ஒன்று. இருக்கையையும் பின்னால் ஒட்டும் எழுத்தையும் யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். நிஜமான வித்தியாசம் பின்சக்கரங்களுக்கு நடுவே இருந்தது. எஸ்ஸில் ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும், இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற கம்பி விரல் மொத்தம். ஆரில் ஸ்பிரிங் விறைப்பு, கம்பி கட்டைவிரலைவிடத் தடிமன். ஸ்பிரிங்குகளைத் தொழிற்சாலையில் பெயின்ட் பொட்டு வைத்துப் பிரித்திருப்பார்கள். எஸ்ஸுக்கு ஒரு வெள்ளைப் பொட்டு, ஆருக்கு இரண்டு மஞ்சள் பொட்டு. இதெல்லாம் அவளுக்கு வாய்ப்பாடு மாதிரி.

"அப்படித்தான் பண்ணுவானுங்க" என்று சொல்லிக்கொண்டே நம்பரைத் தட்டினாள். வரவில்லை. ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்த வண்டி, அதன் விவரம் கடைக் கம்ப்யூட்டரில் இருக்காது. பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு, ஜப்பான் வண்டிகளின் பட்டியல் அதில்தான். அது கண் விழிக்கவே பத்து நிமிடம் பிடிக்கும். அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை. எழுந்து போய், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடியே தட்டினாள். ஆர் என்று வந்தது. பின் ஸ்பிரிங் என்ற வரிக்குப் போனாள். ஒரு வரி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு வரிகள் இருந்தன. மேல் வரியில் முதல் நான்கு மாத உற்பத்தி என்று தேதி போட்டிருந்தது. அதற்கு நேரே இருந்தது எஸ்ஸின் ஸ்பிரிங் நம்பர். கம்பிக்கும் அப்படியே, எஸ்ஸின் கம்பி. கீழே குறிப்பு: இந்த மாதங்களில் ஆர் ரகத்துக்குக் குலுக்கலை அடக்கும் அப்சார்பரும் ரப்பர் புஷ்ஷும் மட்டுமே வேறு. விறைப்பான ஸ்பிரிங்கும் தடித்த கம்பியும் ஐந்தாம் மாதத்திலிருந்துதான்.

அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். தொழிற்சாலையில் சாமான் தயாராகவில்லையோ, மனதை மாற்றிக்கொண்டார்களோ, என்ன எழவோ. அந்த நான்கு மாதத்தில் கட்டிய ஆர் வண்டி ஒவ்வொன்றிலும், உண்மையான ஆரிலேயே, ஸ்பிரிங்கில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டரை அணைக்காமல் விட்டாள்.

"யாரும் ஏமாத்தல" என்று வெளியே வந்து சொன்னாள். "கம்பெனியே அதத்தான் போட்ருக்கு. அதே வெள்ளப் பொட்டு ஸ்பிரிங்தான் உங்களுக்கு வேணும். நாளைக்கு வாங்க."

இல்ஹாம் போனதும் மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்தாள். முத்திரை மைப்பெட்டிக்கு அடியில், நான்காக மடித்த ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. மடிப்புகள் பழுப்பேறியிருந்தன. பத்து வருடமாக அது அங்கேதான் கிடந்தது.

அந்தச் சீட்டின் கதை கேலாங் சிவன் கோயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. அவளுடைய தம்பி நிஷாந்தன் முப்பத்தாறு வயதில் முதல் கார் வாங்கியிருந்தான். அவனுக்கும் அவளுக்கும் பத்து வயது இடைவெளி. அப்பா போன பிறகு அவனைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தது, ராணுவச் சேவைக்குப் போனபோது பூட்ஸுக்குப் பாலிஷ் வாங்கிக் கொடுத்தது, மோகனப்பிரியாவைப் பெண் கேட்கப் போனது எல்லாம் அவள்தான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை, நேரம் தள்ளிப்போய்விட்டது. கார்ச் சாமான்களுக்கு நடுவிலேயே வாழ்க்கையை ஓட்டுகிற அக்கா ஒருத்தி இருக்க, தம்பி அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கார் வாங்கிவிட்டான். ரமீஸ் பார்த்துக் கொடுத்தானாம். பூஜைக்கு வா என்று போனில் சொன்னபோதுதான் அவளுக்கே தெரியும். சந்தோஷம்டா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த கையோடு அடுக்களையில் ஒரு பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

ரமீஸ் நிஷாந்தனின் கூட்டாளி. ராணுவச் சேவையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் தேக்காவில் முர்தபா ரொட்டியும் தே தாரேக் டீயும். நோன்புப் பெருநாளைக்கு இவர்கள் குடும்பம் அங்கே, தீபாவளிக்கு அவர்கள் இங்கே. ஜப்பானிலிருந்து பழைய கார்களை வரவழைத்து விற்கும் சின்னத் தொழில் ரமீஸுடையது. ஆறு வண்டி நிறுத்த இடம், ஒரு மேசை, ஒரு மின்விசிறி. நண்பனுக்கென்று தேடித்தேடிப் பிடித்த வண்டி அது. இல்ஹாம் கேட்ட அதே மாடல், வெள்ளை நிறம், ஆர் ரகம். பூஜைக்கு அவனும் வந்திருந்தான். வாசலுக்கு வெளியே, கார்கள் நிற்கும் பக்கம், புதுச்சட்டையில் நின்றுகொண்டிருந்தான். புஷ்பராணியைப் பார்த்ததும் காரின் பின்பக்க மூடிமேல் உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினான். கார் மெதுவாக அமுங்கி, ஒரே ஒரு தடவை எழுந்து, அப்படியே நின்றது. "பாத்தீங்களாக்கா? ஒரே மூச்சு. ரெண்டாவது ஆட்டம் கெடையாது" என்றான். அவன் கை பட்ட இடத்தை நிஷாந்தன் மஞ்சள் துணியால் துடைத்தான். கூட்டாளிகள் இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஐயர் சந்தனம் வைத்து, தீபம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார். முன்சக்கரங்களுக்கு மோகனப்பிரியா வைத்தாள். பின்சக்கரங்களுக்கு அக்கா வைக்கட்டும் என்று நிஷாந்தன்தான் சொன்னான், பாசமாகத்தான் சொன்னான். அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பிக் காத்திருந்தான். புஷ்பராணி சேலையை இடுக்கிக்கொண்டு குனிந்தாள். பழத்தை டயருக்கு முன்னால் வைத்தாள். வைத்தவள் எழுந்திருக்க வேண்டியதுதானே. தொழில் புத்தி, கண் உள்ளே போனது. போனில் விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தாள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு. கம்பி விரல் மொத்தம்.

அந்த நிமிடம் தனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை அவள் பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். கோபம் இல்லை, தம்பி ஏமாந்துவிட்டானே என்ற பதற்றமும் இல்லை, சந்தோஷம். என்னைக் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்பதற்கு ஒரு வாய்ப்பு, அதுவும் சாமி சன்னதியில். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"இது ஆர் இல்லடா" என்றாள், குனிந்தபடியே. "எஸ்."

நிஷாந்தன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான். சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். ரமீஸ் ஓடிப்போய்த் தன் வண்டியிலிருந்து ஜப்பான் ஏலத்தின் தாளை எடுத்துவந்தான். அதில் ஆர் என்றே இருந்தது. பேப்பரில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், அடியில் இருக்கும் இரும்பு பொய் சொல்லாது என்றாள் அவள். அந்த வாக்கியம் வேறு கச்சிதமாக வந்து விழுந்தது. "அக்கா, நான் நிஷானப் போய் ஏமாத்துவேனா?" என்று ரமீஸ் கேட்டான். அதை அவளிடம் கேட்டுவிட்டு நிஷாந்தனின் முகத்தைப் பார்த்தான். நிஷாந்தனுக்குக் கார் விஷயத்தில் அக்கா சொன்னால் சொன்னதுதான். அவன் ரமீஸின் பக்கம் திரும்பாமல் காரில் ஏறினான். நான்கு பழங்களும் நசுங்கின, யாரும் கை தட்டவில்லை.

அடுத்த வாரமே கூட்டாளிகள் நூறு பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவில் நிஷாந்தன் எழுதிவிட்டான். ரமீஸிடம் வண்டி வாங்கினால் அடியில் குனிந்து பார்த்து வாங்குங்கள் என்று ஒரே வரி. இரண்டு வருடத்தில் ரமீஸ் தொழிலை மூடினான். அதற்கு அந்த ஒரு வரிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வேறு காரணங்களும் இருந்திருக்கும் என்று புஷ்பராணி தனக்குத்தானே நிறையச் சொல்லிக்கொண்டாள். தம்பியின் காரை ஆர் ஆக்கிக் காட்டுகிறேன் என்று அவளே விறைப்பு ஸ்பிரிங்கும் தடித்த கம்பியும் வரவழைத்துக் கொடுத்தாள். மாட்டிய அன்றிலிருந்து செங்காங்கில் அவர்கள் வீட்டுக் கார்பார்க்கில் வேகத்தடையாகப் போட்ட ஒவ்வொரு ஹம்ப்பும் இடுப்பில் இடித்தது. மோகனப்பிரியா ஹம்ப் வரும்போதெல்லாம் கைப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "ஆர் வருது, ஆர் வருது" என்பாள். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகள் பழைய இரும்புக்குப் போயின.

இதுவரை நடந்ததைத் தவறு என்று சொல்லலாம். யாருக்கும் வரக்கூடிய தவறு. சீட்டு அப்படியில்லை.

கோயிலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ரமீஸ் அவள் கடைக்கு வந்தான். வரிசையில் நின்றான். முன்னால் நான்கு பேர், நான்கு பேரும் போகும்வரை பொறுமையாக நின்றான். அவன் முறை வந்ததும் ஒரு துண்டுச்சீட்டைக் கவுண்டரில் வைத்தான். காரின் சேசிஸ் நம்பரைத் தெளிவாக, எழுத்தெழுத்தாக எழுதியிருந்தான்.

"நம்பர் கொண்டாந்துருக்கேன்கா. ஒரே ஒரு தடவ போட்டுப் பாருங்க."

அவள் தலைக்கு மேலே அந்த அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கோயிலில் அவள் கேட்காத ஒரே கேள்விக்கு அவன் பதில் எழுதி எடுத்துவந்திருந்தான். ஜப்பான் வண்டி, இங்கே வராது என்றாள் அவள். பின்னறைக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பத்து நிமிடம் நின்றிருந்தால் போதும். வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன், வைத்துவிட்டுப் போ என்றாள். அவன் சரிக்கா என்று வைத்துவிட்டுப் போனான். மற்றச் சீட்டுகளையெல்லாம் வேலை முடிந்ததும் ஆணியில் குத்துவாள். இதைக் குத்தவில்லை, இழுப்பறையில் போட்டாள். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, தட்டிப் பார்க்கவும் மனம் வரவில்லை. தட்டிப் பார்த்து, தான் சொன்னது பொய்யாகிவிட்டால்? அந்தச் சந்தேகம் அவளுக்கு அன்றைக்கே இருந்தது. இல்லாவிட்டால் ஏன் ஒளித்து வைக்கவேண்டும்?

புதன்கிழமை மத்தியானம் அவள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கம்ப்யூட்டர் இன்னும் அணையவில்லை. ரமீஸின் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். ஆர். உற்பத்தி மூன்றாம் மாதம். அவன் விற்றது ஆர்தான். அதை அச்செடுத்துக் கைப்பையில் வைத்தாள். அடுத்த மூன்று நாளும் அந்தத் தாள் கைப்பையில் இருந்தது, ரயிலில் கூட அவள் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

அந்த வாரமே அது வந்ததுதான் கொடுமை. தம்பியின் காருக்குப் பத்து வருடம் முடிகிறது, காரை வைத்து ஓட்ட அரசாங்கம் தருகிற சிஓஇ உரிமம் திங்கட்கிழமையோடு சரி. இப்போது இருக்கிற விலைக்குப் புதுப்பிக்கிற எண்ணம் நிஷாந்தனுக்கு இல்லை. திங்கட்கிழமை காலை வண்டியைப் பழைய கார்களை ஒப்படைக்கும் யார்டில் விட்டுவிட்டு ரயில் ஏறுவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை போன் செய்தான். "சனிக்கிழம ப்ரீயா இருக்கியாக்கா? பீச் பக்கம் கடைசி ரவுண்ட் போலாம். மோகனாவும் பிள்ளைங்களும் வரமாட்டாங்களாம், இடுப்பு வலிக்குதாம்." அவன் சிரித்தான். வருகிறேன் என்றாள். கார் இருக்கும்வரைதான் இந்தப் பேச்சுக்கு இடம் உண்டு. கார் போய்விட்டால், எந்தக் கார், எந்த ஸ்பிரிங், எப்போதோ நடந்தது என்றாகிவிடும். அதற்குள் பேச்சற்றுப் போன கூட்டாளிகள் இரண்டு பேரையும் பேசவைத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்கு அவள் முதலில் தன் வாயால் சொல்லியாக வேண்டும். சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்றும் நினைத்தாள். தம்பிக்கு அக்காவாவது மிஞ்சுவாள்.

சனிக்கிழமை மத்தியானம் பஃபலோ ரோட்டில் அவள் குடியிருக்கும் புளோக்குக்குக் கீழே கார் வந்து நின்றது. மார்க்கெட் கூட்டம், மீன் நாற்றமும் பூக்கடை வாசமுமாக ஒரே நெரிசல். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே மார்க்கெட்டில்தான் ரமீஸின் மனைவி நஸீஹாவைப் பார்த்தாள். முருங்கைக்காய்க் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கப் போனவளை நஸீஹாவே கூப்பிட்டுப் பேசினாள். கோபமே இல்லாமல் பேசினாள். அவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றியிறக்கும் கார்கோவில் இருக்கிறார், காலை ஷிப்ட், மூன்று மணிக்கு முடியும், பரவாயில்லை அக்கா என்றாள். அந்தப் பரவாயில்லை இன்னும் காதில் இருந்தது. அதையும் அவள் தம்பியிடம் சொல்லவில்லை.

கார் எப்போதும்போலப் பளபளவென்று இருந்தது. நாளை மறுநாள் நசுக்கவோ கப்பலேற்றவோ போகிற வண்டியைக் காலையில் கழுவி மெழுகு வேறு போட்டிருக்கிறான். கதவுப் பையில் மஞ்சள் துணி மடித்து வைத்திருந்தது. விரைவுச்சாலையில் ஏறியதும் பழைய பாட்டு எதையோ போட்டான். சிமெய் தாண்டியபோது புஷ்பராணி கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள்.

"நிஷான், இந்த வண்டி ஆர்தான்டா."

"ஆமா, நீதானே ஆக்கின."

"இல்ல. வரும்போதே ஆர். மொத நாலு மாசம் கம்பெனியே எஸ் ஸ்பிரிங்க போட்டுத்தான் விட்ருக்கான். புதன்கெழமதான் பாத்தேன். ரமீஸ் பொய் சொல்லல."

அவன் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினான். வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொஞ்ச தூரம் போனபின் கேட்டான். "அன்னைக்கு நீ நம்பர் போட்டுப் பாக்கலயா?"

"இல்ல."

"யார் வந்தாலும் கேப்பியே."

"கேப்பேன். உன் வண்டிக்குக் கேக்கல." இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொன்னது. தவறு, மறதி, அவசரம், இத்தோடு போகட்டும். அவள் கைப்பையைத் திறந்து அச்செடுத்த தாளையும், அதன்மேல் அந்தத் துண்டுச்சீட்டையும் எடுத்தாள். "அவன் கடைக்கு வந்தான். கோயிலுக்கு அப்புறம் ரெண்டு நாள் கழிச்சி. நம்பர எழுதி எடுத்துட்டு வந்து, போட்டுப் பாருங்கன்னு கேட்டான். நான் போடல. வராதுன்னு சொல்லிட்டேன். இந்தா, அவன் எழுதுனது."

நிஷாந்தன் ஒரு கண் திருப்பிச் சீட்டைப் பார்த்தான். கூட்டாளியின் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா. ராணுவ முகாமில் ஒரே பேனாவை இரண்டு பேரும் மாற்றி மாற்றி எழுதியவர்கள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தினால் தேவலை என்றிருந்தது.

"இத்தன வருஷமா இது உன்கிட்டயா இருந்துச்சு?"

"ஆமா."

"அவன் இப்ப எங்க இருக்கான்னு தெரியுமா?"

"சாங்கில. கார்கோல. நஸீஹா சொன்னா." அவன் கேட்பதற்கு முன்பே மீதியையும் சொன்னாள். "மூணு வருஷமாச்சு சொல்லி. இன்னைக்கு வேலன்னா மூணு மணிக்கு முடியும்."

அவன் சிரித்தான், அல்லது மூச்சுவிட்டான். கடற்கரைப் பக்கம் திரும்பவேண்டிய வழியில் திரும்பாமல் கார் நேராகப் போனது.

சரக்கு வளாகத்துக்கு வெளியே, பாஸ் காட்டி உள்ளே போகிற வாசலுக்குக் கொஞ்சம் தள்ளிப் பஸ் நிறுத்தம் இருந்தது. அதற்கு அருகில் காரை ஓரமாக நிறுத்தினான். மூன்று அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. லாரிகள் போன தூசி வெள்ளைக் காரின்மேல் மெல்லப் படிந்தது. நிஷாந்தன் துணியை எடுத்துக்கொண்டு இறங்கினான், துடைக்கவில்லை. கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து நின்றான். புஷ்பராணியும் இறங்கி நின்றாள். வெயில் தலையில் இறங்கியது. ரமீஸ் வராமல் போனால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தாள், அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ரமீஸ் வந்தான். ஒளிரும் மேல்சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான். முடி நரைத்து, இடது காலைச் சற்று இழுத்து நடந்தான். முதலில் அவன் பார்த்தது காரை. நடை நின்றது. அதன்பிறகுதான் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தான்.

"என்ன நிஷான்" என்றான், நேற்றுத்தான் பார்த்தவனைப்போல.

நிஷாந்தன் கையிலிருந்த துணியை இன்னும் இறுக்கிச் சுருட்டினான். புஷ்பராணிதான் முன்னால் போனாள். தாளையும் சீட்டையும் சேர்த்து நீட்டினாள். "தப்பு என்னோடதுதான் ரமீஸ். நீ கொடுத்தது ஆர்தான். நீ வந்து கேட்டப்பவே நான் பாத்துருக்கணும். வேணும்னேதான் பாக்கல." மனதில் மூன்று நாளாகக் கோத்துவைத்திருந்த வேறு வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

அவன் சீட்டை மட்டும் எடுத்தான். தன் எழுத்தைத் தானே படித்துப் பார்த்தான். அச்செடுத்த தாளைத் தொடவில்லை.

"இது எனக்குத் தெரிஞ்சதுதானேக்கா" என்றான். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. "எனக்கெதுக்கு இந்தப் பேப்பர்?"

"ரமீஸ், நான் அந்த க்ரூப்ல எழுதினது..." என்று நிஷாந்தன் ஆரம்பித்தான். ரமீஸ் அவனை முடிக்கவிடவில்லை. கேட்காதவன்போலக் காரைச் சுற்றி நடந்தான். முன்னால் போய், விளக்கைப் பார்த்து, கதவோரமாக விரல் நகர்த்தி, பின்னால் வந்தான். விற்கிறவன் நடை அது, எட்டு வருடமாகப் பெட்டி இறக்கியும் போகவில்லை. பின்பக்க மூடிமேல் உள்ளங்கையை வைத்தான். அழுத்தினான்.

கார் அசையவில்லை.

இன்னொரு தடவை, இந்தத் தடவை தோளையும் கொடுத்து அழுத்தினான். தரையில் வேர்விட்டதுபோல நின்றது வண்டி. கையை எடுக்காமலே கேட்டான். "பின்னால மாத்திட்டீங்களா?"

"நான்தான் வரவழச்சிக் குடுத்தேன்" என்றாள் புஷ்பராணி.

"பழசு?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று அவனுக்குப் புரிந்தது.

"ஹம்ப்ல அடிக்குமே."

"அடிக்கும்" என்றான் நிஷாந்தன். "பத்து வருஷமா அடிக்குது."

ரமீஸின் முகத்தில் ஏதோ ஓடியது, சிரிப்பாகவும் இருக்கலாம். பஸ் வந்துகொண்டிருந்தது. வேலை முடிந்தவர்கள் வரிசையில் நகர ஆரம்பித்தார்கள். அவன் சீட்டைப் பழைய மடிப்பிலேயே நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "நம்பர் பிளேட் பாத்தேன். பத்து வருஷம் முடியுதுல்ல. எப்ப விடுற?"

"திங்கக்கெழம."

"எத்தன மணிக்கு?"

"பத்து மணி."

ரமீஸ் தலையாட்டினான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, எந்த யார்டு என்றும் கேட்கவில்லை. புஷ்பராணியைப் பார்த்து "வரேன்கா" என்றான். விடைபெறுகிற எல்லாரும் சொல்கிற வரேன்தான் அது. பஸ்ஸில் ஏறி, அந்தப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தான் போல, முகம் தெரியவில்லை.

பஸ் போனபின்னும் இரண்டு பேரும் காருக்குப் பின்னாலேயே நின்றார்கள். மூடியின்மேல், படிந்திருந்த தூசியில், ஐந்து விரலும் விரிந்த ஒரு கைத்தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. நிஷாந்தன் பழக்கதோஷத்தில் துணியை விரித்துக்கொண்டு குனிந்தான். கை அந்தத் தடத்துக்கு மேலே வந்து நின்றது. துணியை மறுபடி மடித்தான், ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. மடித்ததைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, மூடியைத் தொடாமல் சுற்றிப் போய்க் காரில் ஏறினான். எஞ்சின் கிளம்பியது. அக்காவுக்காகக் கதவைத் திறந்துவிட அவன் கை நீட்டவில்லை, வண்டியை நகர்த்தவும் இல்லை.